ஒளித்துகள் மெய்ப்பிக்கப்பட்ட வரலாறு

திருச்சபையில் ஒளியைக் குறித்துப் பேசாத பருவம் இல்லை. திருவருகைக் காலத்திலும் உயிர்ப்பு விழாவிலும் யோவான் நற்செய்தியின் முகவுரையை எடுத்து விளக்கும் ஆயர் பலர், இயற்பியலினின்றும் ஒரு சான்றை உடன் சேர்த்துக்கொள்வது வழக்கமாகியுள்ளது. ஒளியானது அலையாகவும் துகளாகவும் இருக்கின்றது. இதனை ஐன்ஸ்டைன் 1905-இல் மெய்ப்பித்துவிட்டார். அவ்வாறே ஓர் ஆளில் இறைத்தன்மையும் மனிதத்தன்மையும் கூடியிருத்தல் அறிவுக்கு முரணானதன்று என்பது அச்சான்றின் போக்கு. கி.பி. 451-இல் கல்கெதோன் சங்கம் அறிக்கையிட்டதற்கு இவ்வுவமை எவ்வளவு பொருந்தும் என்பது முறைமை இறையியலார் ஆராய வேண்டியது. இக்கட்டுரையின் நோக்கம் அதுவன்று. அச்சான்றின் நடுவிலுள்ள வரலாற்றுக் கூற்று, அதாவது ஒளியின் துகளியல்பு 1905-லேயே ஐயத்திற்கிடமின்றி நிறுவப்பட்டது என்னும் கூற்று, சரிதானா என்பதே ஈண்டு எழும் வினா.

சரியன்று என்பதே விடை. 1905-இல் முன்மொழியப்பட்ட ஒரு கருத்து, ஆய்வுக்கூடத்தில் மறுக்கவொண்ணாதவாறு நிறுவப்பட்டது 1970-களிலேயாம். இடைப்பட்ட எழுபது ஆண்டுகளின் வரலாற்றை நம் இறையியல் மாணவர் அறிந்திருப்பது நன்று. அவ்வரலாற்றில் இன்றியமையாத இரு படிகளை அமைத்தவர்களுள் ஒருவர் நீலகிரியில் பிறந்தவர். மற்றவர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்றவர்.

வடசென்னையில் பணியாற்றும் ஆயர்க்கு இது வெறும் அறிவார்வம் பற்றிய செய்தியன்று. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ச் சபைகளில் ஞாயிறுதோறும் அமர்ந்திருப்போரில் துறைமுகத்து மின்பணியாளர் உண்டு. மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் கருவிகளைப் பேணுவோர் உண்டு. எண்ணூர் அசோக் லேலண்டு ஆலையின் தொழிலாளர் உண்டு. அவர்தம் பிள்ளைகள் பொறியியற் கல்லூரிகளில் பயில்கின்றனர். மறையுரையில் அறிவியற் கூற்றொன்று தவறாக வருமாயின், அதே உரையின் மற்றக் கூற்றுகளையும் அதே தராசிலிட்டு நிறுத்துப் பார்க்க அவர்களுக்கு உரிமையுண்டு.

1905-இல் கூறப்பட்டதும் கூறப்படாததும்

உலோகத் தகட்டின்மீது ஒளி படும்போது எலெக்ட்ரான்கள் வெளியேறுகின்றன. ஒளியின் செறிவைக் கூட்டினால் வெளியேறும் எலெக்ட்ரான்களின் எண்ணிக்கை கூடுகின்றதேயன்றி ஒவ்வொன்றின் ஆற்றல் கூடுவதில்லை. ஆற்றலைத் தீர்மானிப்பது ஒளியின் நிறமே. இதனை விளக்க ஐன்ஸ்டைன், ஒளியாற்றல் சிறு சிறு பொதிகளாகப் பயணம் செய்கின்றதெனக் கொண்டால் செய்திகள் பொருந்துகின்றன என்று 1905-இல் எழுதினார். அவரே அக்கருத்தைப் பயன்தரும் ஒரு நோக்கு என்றே முன்வைத்தார். 1921-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டபோதும், ஒளிமின் விளைவின் விதியைக் கண்டறிந்தமையே சிறப்பாகக் குறிக்கப்பட்டது. ஒளித்துகள் என்னும் கருத்தை அக்காலத்து அறிஞர் பலர் ஏற்றிருக்கவில்லை. இன்று வழங்கும் ‘ஃபோட்டான்’ என்னும் பெயர் பரவியதும் 1926-க்குப் பின்னரே.

இதனிடையே 1909-இல் கேம்பிரிட்ஜில் டெய்லர் என்னும் இளைஞர் ஓர் எளிய ஆய்வு செய்தார். ஒரு சிறு சுடரின் ஒளியைப் புகைபடிந்த கண்ணாடிகளால் மிக மிக மங்கச் செய்து, ஓர் ஊசியின் நிழலைப் புகைப்படத் தகட்டில் பதித்தார். ஒளி பொதிகளாக வருவதாயின், ஒரு நேரத்தில் ஒரு பொதிக்கு மேல் கருவிக்குள் இராத அளவு மங்கலான ஒளியில், அலைகள் ஒன்றையொன்று குறுக்கிடுவதால் உண்டாகும் வரிகள் மறைய வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. ஒரு தகட்டிற்கு ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஒளி விழ வேண்டியிருந்தது. அம்மாதங்களில் அவர் பாய்மரப் படகேறிக் கடலுக்குப் போய்விட்டார் என்று சொல்வதுண்டு. காசிமேட்டு வாசகர்க்கு அது பிடித்த செய்தியாயிருக்கும். வரிகள் மறையவில்லை.

பின்னாளில் நிகழ்ந்தது இதனினும் வியப்பானது. 1969-இல் லேம்ப், ஸ்கல்லி ஆகிய இரு அறிஞர், ஒளியைப் பழைய அலையாகவே வைத்துக்கொண்டு, உலோகத்திலுள்ள அணுக்களை மட்டும் குவாண்டம் விதிப்படி நடத்தினாலே ஒளிமின் விளைவின் முதன்மைக் கூறுகள் யாவும் கிடைத்துவிடும் எனக் காட்டினர். கருவியில் ‘டக்’கென்று ஒலி எழுவதால் துகள் வந்து மோதியது என்று முடிவு செய்தல் இயலாது. ஒலி எழுப்புவது கருவியிலுள்ள அணுவாக இருக்கலாம். பள்ளிப் பாடநூல்களில் ஒளித்துகளுக்குச் சான்றாக நாம் படித்தது, கண்டிப்பாகப் பார்த்தால், அதற்குப் போதிய சான்றாகாது. ஐன்ஸ்டைன் கூறியது பிழை என்பது இதன் பொருளன்று. அவர் கருத்து மெய்யென்றே பின்னர் விளங்கியது. மெய்யான கருத்தும் மெய்ப்பிக்கப்பட்ட கருத்தும் வெவ்வேறு.

அருவங்காட்டில் பிறந்தவர்

குன்னூரை அடுத்த அருவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலையில் அலுவல் பார்த்த ஆங்கில இராணுவ அதிகாரி ஒருவரின் மகனாக 1916-இல் பிறந்தவர் இராபர்ட் ஹான்பரி பிரவுன். சிறுவனாயிருக்கும்போதே இங்கிலாந்து சென்று, போர்க்காலத்தில் ரேடார் ஆய்வில் ஈடுபட்டு, பின்னர் வானொலி வானியலுக்கு வந்தார். விண்மீன்களின் விட்டத்தை அளப்பது அவர் நோக்கம். இரண்டு ஆடிகளிலிருந்து வரும் ஒளியலைகளைச் சேர்த்து அளக்கும் பழைய முறையில், வளிமண்டலத்தின் நடுக்கம் அளவீட்டைக் கெடுத்தது. ரிச்சர்ட் ட்விஸ் என்னும் கணித அறிஞரோடு சேர்ந்து அவர் கண்ட வழி வேறு: அலைகளைச் சேர்க்க வேண்டா, இரண்டு இடங்களில் ஒளியின் செறிவு ஏறி இறங்குவதை மட்டும் தனித்தனியே பதிந்து, அவ்விரு ஏற்றத்தாழ்வுகளும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று பார்த்தால் போதும். இராணுவத்தினர் பயன்படுத்திய தேடுவிளக்குகளின் ஆடிகள் இரண்டைக் கொண்டு சிரியஸ் விண்மீனின் விட்டத்தை அளந்து 1956-இல் வெளியிட்டனர்.

அதற்கு முன்னோட்டமாக, பாதரச விளக்கொன்றின் ஒளியை அரைவெள்ளி பூசிய கண்ணாடியால் இரண்டாகப் பிரித்து, இரண்டு ஒளியுணர் கருவிகளில் விழச் செய்தபோது, இரண்டின் துடிப்பும் ஒத்திருந்தன. இயற்பியலார் பலர் இதனை ஏற்க மறுத்தனர். ஒளித்துகள் ஒன்று ஒரு கருவிக்குச் செல்லும் அல்லது மற்றதற்குச் செல்லும். இரண்டும் ஒத்துத் துடிப்பது எங்ஙனம் என்பது அவர்தம் வாதம். கனடாவிலும் ஹங்கேரியிலும் செய்த ஆய்வுகளில் அவ்வொற்றுமை காணப்படவும் இல்லை. அவ்வாய்வுகளில் பயன்படுத்திய ஒளியின் இயல்பைக் கணக்கிட்டுப் பார்த்த ஹான்பரி பிரவுனும் ட்விஸும், கனடா ஆய்வில் விளைவு புலப்பட ஆயிரம் ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்று விடையிறுத்தனர். இறுதியில் அவர்களே சரியெனக் கண்டது.

இவ்வொற்றுமையைப் புரிந்துகொள்ள வடசென்னையாருக்கு வேறு எங்கும் போக வேண்டியதில்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் சரக்குப் பெட்டக லாரிகள் துறைமுகத்தின் வாயிலை நோக்கி மைல் கணக்கில் நின்ற காட்சியைப் பல்லாண்டுகள் கண்டிருக்கிறோம். போக்குவரத்துக் காவலர் தடுத்து நிறுத்திப் பின் விடுவிக்கும்போது லாரிகள் திரளாக வருகின்றன; ஒன்றைக் கண்டால் அதன் பின்னே இன்னொன்று உடனே வரும் என எதிர்பார்க்கலாம். விளக்கு, விண்மீன், சுடர் ஆகியவற்றின் ஒளி இவ்வகையினது. லேசரின் ஒளியோ, ஒரு லாரிக்கும் அடுத்ததற்கும் எத்தொடர்புமின்றி, மழைத்துளி விழுவதுபோல் தற்செயலாய் வருவது. மூன்றாவது ஒரு வகையையும் எண்ணிப் பார்க்கலாம். வாயிலில் ஒவ்வொரு லாரியின் சீட்டையும் சரிபார்த்த பின்னரே அடுத்ததை விடுகின்றனர் என்க. அப்பொழுது ஒன்று சென்றவுடன் மற்றொன்று வரவே வராது. சிறிது நேரம் கழித்தே வரும். இம்மூன்றாம் வகை ஒளி உண்டா என்பதே பின்னர் எழுந்த பெரிய வினா.

ஹான்பரி பிரவுன் கண்டது முதல் வகையே. அதனை ஏறி இறங்கும் சாதாரண அலையாகக் கொண்டே முழுதும் விளக்கிவிடலாம். எனவே அவர் ஆய்வு ஒளித்துகளை மெய்ப்பித்ததாகாது. ஆயினும் ஒரே ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரித்து, இரண்டு கருவிகளும் ஒரே கணத்தில் துடிக்கும் முறைகளை எண்ணிப் பார்ப்பது என்னும் அளவைமுறை அவருடைய கொடை. இன்றளவும் இவ்வியலார் அதனையே கையாளுகின்றனர். பின்னாளில் ஆஸ்திரேலியாவில் நாராப்ரி என்னும் இடத்தில் இம்முறையால் 32 விண்மீன்களின் விட்டங்களை அளந்தார். அறிவியலுக்கும் பண்பாட்டுக்கும் சமயத்திற்கும் உள்ள தொடர்பைப் பற்றி 1986-இல் அவர் எழுதி வெளியிட்ட நூல், நம் இறையியற் கல்லூரி நூலகங்களில் இருக்கத் தக்கது. 2002-இல் காலமானார்.

சுதர்சனின் வரையறை

1960-இல் லேசர் பிறந்தது. அதன் ஒளியை விளக்கப் பழைய அலைக் கொள்கை போதுமா, குவாண்டம் கொள்கை வேண்டுமா என்னும் வழக்கு உடனே எழுந்தது. இவ்வழக்கில் ஒரு குறை இருந்தது. ‘பழைய கொள்கையால் விளக்கவியலாத ஒளி’ என்றால் என்ன என்பதற்கு ஒருவரிடமும் துல்லியமான வரையறை இல்லை. வரையறை இல்லாதவிடத்து ஆய்வு எதனைத் தேடும்?

அவ்வரையறைக்கு வழி திறந்தவர்களுள் ஒருவர் எண்ணக்கல் சாண்டி ஜார்ஜ் சுதர்சன். கோட்டயத்தை அடுத்த பள்ளத்தில் 1931-இல் சிரியன் கிறித்தவக் குடும்பமொன்றில் பிறந்து, கோட்டயம் சி.எம்.எஸ். கல்லூரியிலும், அதன்பின் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்று 1951-இல் பட்டம் பெற்றார். 1837-இல் ஜான் ஆண்டர்சன் ஜார்ஜ் டவுனில் தொடங்கிய பள்ளியே அக்கல்லூரியின் வேர். துறைமுகத்திற்கு அருகில் வளர்ந்த அக்கல்லூரி 1937-இல் தாம்பரத்திற்குப் பெயர்ந்தது. பாரிமுனையில் ஆண்டர்சன் ஆலயம் இன்றும் அந்நாளை நினைவூட்டி நிற்கின்றது. சுதர்சன் பயின்றது தாம்பரத்தில். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1952-இல் முதுகலை முடித்து, பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தில் சில ஆண்டுகள் பணியாற்றி, அமெரிக்காவில் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் 1958-இல் முனைவரானார். பின்னாளில் அவர் கிறித்தவ நெறியினின்று நீங்கி வேதாந்தத்தைத் தழுவினார். நம் நிறுவனங்களின் மாணவர் என்று அவரைப் பாராட்டுவோர் இதனைச் சொல்லாது விடுவதும், இதனை மட்டுமே சொல்வதும் ஒருங்கே முறையன்று.

1963-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ராய் கிளாபர், ஒளியின் செறிவுத் தொடர்புகளைக் குவாண்டம் முறையில் ஆராயும் சிறு கட்டுரையொன்றை வெளியிட்டார். ஏப்ரலில் சுதர்சனின் கட்டுரை அதே இதழில் வந்தது. அதன் கருத்தைக் கணிதமின்றிக் கூற முயல்வோம். சீரான லேசர் ஒளியே பழைய அலைக்கு மிக நெருங்கிய குவாண்டம் நிலை. எந்த ஒளியையும் இத்தகைய சீரான நிலைகளின் கலவையாக எழுதலாம்; ஒவ்வொரு நிலைக்கும் இவ்வளவு பங்கு என்று ஒரு பட்டியல் தந்துவிடலாம் என்று அவர் நிறுவினார்.

காசிமேட்டில் ஒரு கூடை மீனை வஞ்சிரம் இத்தனை பங்கு, சங்கரா இத்தனை பங்கு, நெத்திலி இத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்லலாம். பங்குகள் யாவும் பூச்சியமாகவோ அதற்கு மேலாகவோ இருக்கும்வரை அது உண்மையான கலவை. சுதர்சனின் பட்டியலும் அவ்வாறிருந்தால், அவ்வொளி பழைய அலைக் கொள்கைக்கு அடங்கியது. சில ஒளி நிலைகளுக்கோ, அப்பட்டியலில் ‘கழித்தல் இரண்டு பங்கு வஞ்சிரம்’ என்பதுபோல் எதிர்மறை எண் வருகின்றது. அல்லது பங்கு என்றே சொல்லவொண்ணாத முறிந்த வடிவம் தோன்றுகின்றது. அப்படியொரு கூடையை எவ்வணிகரும் கலந்து உண்டாக்க முடியாது. அந்த ஒளியே மரபுக்கு அடங்காத ஒளி. தேட வேண்டியது எது என்பது இப்போது தெளிவாயிற்று.

கட்டுரையின் தலைப்போ, அலைக் கொள்கைக்கும் குவாண்டம் கொள்கைக்கும் உள்ள சமத்தன்மையைப் பறைசாற்றியது. இரண்டையும் ஒரே வடிவில் எழுதிக்காட்டியதனாலேயே அவை எங்கே பிரிகின்றன என்பது புலனாயிற்று. திருச்சபை வரலாற்றிலும் ஒற்றுமைக்கென எழுதிய அறிக்கைகள் வேற்றுமையின் எல்லையைத் துல்லியமாக வரைந்து காட்டியதுண்டு.

கிளாபர் அதே ஆண்டு செப்டம்பரில் விரிவான கட்டுரையில் இவ்வடிவத்தைத் தாமும் வளர்த்து, அதற்குப் ‘பி’ என்னும் எழுத்தால் பெயரிட்டார். சுதர்சனின் சமத்தன்மைக் கூற்றையும் குறை கூறினார். 2005-ஆம் ஆண்டு நோபல் பரிசின் ஒரு பாதி கிளாபருக்கு வழங்கப்பட்டது. மறுபாதி, லேசரால் நுண்ணளவு செய்த ஜான் ஹால், தியோடர் ஹென்ஷ் ஆகியோருக்குச் சென்றது. சுதர்சன் நோபல் குழுவினர்க்குத் தம் மறுப்பை எழுதினார். அறிஞர் சிலரும் அவர் பக்கம் நின்றனர். கிளாபர் தகுதியுடையவர் என்பதில் ஐயமில்லை. ஒளித்தொடர்புகளின் முழுக் கோட்பாட்டையும் கட்டியவர் அவரே. எனினும் அக்கோட்பாட்டின் நடுத்தூண்களுள் ஒன்றில் முதலில் அச்சேறிய பெயர் சுதர்சனுடையது. மூவருக்கு மேல் பங்கிடக் கூடாதென்னும் விதியால் எழுந்த இடர் இது என்பாருண்டு. விதி இடர் செய்யுமிடத்து அதனை வரலாறு எழுதுவோர் திருத்த வேண்டும் என்பதே என் கருத்து. சுதர்சன் 1980-களில் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராகப் பணியாற்றினார். 2018 மே திங்களில் டெக்சாசில் காலமானார்.

சோடியம் அணு

வரையறை கிடைத்தும் அத்தகைய ஒளி பதினான்கு ஆண்டுகள் கைக்கெட்டவில்லை. 1974-இல் ஜான் கிளாசர் செய்த ஆய்வு, பிரித்த ஒளியின் இரு பக்கங்களிலும் ஒருசேரத் துடிப்பு எழாமையைக் காட்டிப் பழைய அலைக் கொள்கைக்கு முரணான சான்று தந்தது. ஆனால் இவ்வியலார் பெரும்பாலும் ஆண்டெனக் குறிப்பது 1977-ஐ. ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப் கிம்பிள், மரியோ டாகனே, லியோனார்டு மாண்டல் ஆகிய மூவரும் தேர்ந்தது சோடியம் அணுக்களை.

சோடியம் நமக்கு அயலானதன்று. துறைமுகச் சாலைகளிலும் எண்ணூர் நெடுஞ்சாலையிலும் பல்லாண்டுகள் மஞ்சள் ஒளி வீசியவை சோடியம் ஆவி விளக்குகள், எல்.இ.டி. விளக்குகள் வந்து அவற்றைப் பெரும்பாலும் அகற்றிவிட்டன. அவ்விளக்கினுள் எண்ணிறந்த அணுக்கள் ஒன்றையொன்று பாராது ஒளிவிடுகின்றன. ஆதலால் அவ்வொளி முதல் வகையைச் சேர்ந்தது, திரளாக வருவது. மூவரும் செய்ததோ, சோடியம் அணுக்களை மெல்லிய கற்றையாக ஓட்டி, பார்வையில் ஒரு நேரம் ஓரணுவே இருக்கத்தக்கவாறு அதனை மிகவும் அருகச் செய்து, அதே மஞ்சள் நிற லேசரால் ஒளியூட்டி, அணு திருப்பி உமிழும் ஒளியை ஹான்பரி பிரவுன் முறைப்படி இரண்டாகப் பிரித்து எண்ணியது.

ஓரணு ஒளித்துகள் ஒன்றை உமிழ்ந்தவுடன் கீழ்நிலைக்கு வந்துவிடுகின்றது. மீண்டும் மேல்நிலைக்கு ஏறினாலன்றி இன்னொன்றை உமிழ இயலாது. சோடியம் அணு மேல்நிலையில் தங்கும் காலம் ஒரு நொடியை நூறு கோடியாகப் பகுத்தால் ஏறத்தாழ 16 பங்கு. எனவே, ஒரு துடிப்பிற்குப் பின் அத்தகைய சிறு காலத்திற்கு மற்றொரு துடிப்பு அரிது. வாயிலில் சீட்டுப் பார்த்துவிடும் மூன்றாம் வகை லாரி வரிசை இதுவே. இரு கருவிகளும் ஒரே கணத்தில் துடித்தவை குறைவாகவும், இடைவெளி கூடக்கூட அவை மிகுதியாகவும் எண்ணிக்கை காட்டியது.

இதனை அலைக் கொள்கையால் ஏன் விளக்கவியலாது? அரைவெள்ளிக் கண்ணாடியில் பிரியும் அலை இரு பக்கமும் ஒரே வடிவில் செல்லும். ஒரு பக்கம் செறிவு ஏறும் கணத்தில் மறுபக்கமும் ஏறும். ஆகவே ஒரே கணத்து இரட்டைத் துடிப்புகள் பிற்பாடு வரும் இரட்டைகளினும் குறையவே கூடாது. குறைந்தன. சுதர்சனின் பட்டியலில் எதிர்மறைப் பங்கின்றி இதற்குக் கணக்கில்லை. (சென்னைக் கலங்கரை விளக்கம், 1894 முதல் எரிந்துவந்த உயர்நீதிமன்றக் கோபுரத்தை விட்டு மெரினாவிற்குப் போனதும் இதே 1977-இல்தான். இரண்டிற்கும் தொடர்பு யாதுமில்லை. ஆண்டை நினைவிற்கொள்ள மாணவர்க்கு உதவும்.)

1986-இல் பிரான்சு நாட்டின் ஒர்சே நகரில் கிராஞ்சியே, ரோஜே, ஆஸ்பே ஆகியோர் இதன் மறுபாதியையும் காட்டினர். கால்சியம் அணு அடுத்தடுத்து இரு ஒளித்துகள்களை உமிழ்வதைப் பயன்படுத்தி, முதலாவதன் வருகையை அறிவிப்பாகக் கொண்டு, இரண்டாவதைத் தனியே கண்ணாடியை நோக்கி விட்டனர். அது ஒரு பக்கமோ மறுபக்கமோ சென்றது. இருபுறமும் ஒருசேரச் சென்றதாகக் காணப்பட்டது மிக அரிது. அதே தனித்துகள்களை இருவழி சென்று மீண்டும் கூடுமாறு அமைத்தபோது, குறுக்கீட்டு வரிகள் தெளிவாய் எழுந்தன. டெய்லர் 1909-இல் செய்ய விரும்பியது இப்போதே உண்மையாகச் செய்யப்பட்டது. அவருடைய மங்கல் சுடர் எவ்வளவு மங்கினாலும் முதல் வகை ஒளியே. மங்கச் செய்வதனால் ஒளி தனித்துகளாகிவிடாது.

மறையுரை ஆற்றுவோர்க்கு இங்கே ஒரு வேறுபாடு தெளிவாதல் வேண்டும். ஆலயத்து மெழுகுவர்த்தியும், கதிரவனும், கூட்ட மேடையின் லேசர் விளக்கும் தரும் ஒளியில் இந்த ‘இரண்டியல்பு’ கண்டிப்பான பொருளில் காணக்கிடைப்பதில்லை. அவற்றின் செறிவுத் துடிப்புகளைப் பழைய அலையே விளக்கிவிடும். அதனைக் காண்பதற்கு ஓரணுவைத் தனிமைப்படுத்த வேண்டியிருந்தது. அப்போதும், ஒளி பாதி அலை, பாதி துகள் என்னும் கலப்பு ஏதும் தென்படவில்லை. ஒரே பொருள், நாம் வைக்கும் கருவிக்கேற்ப ஒருகால் ஒருவகையாகவும் மறுகால் மற்றொரு வகையாகவும் விடையளித்தது. பார்ப்போர் கருவியைப் பொறுத்து மாறும் தோற்றத்தை உவமையாகக் கொண்டால், அது கல்கெதோன் ஆயர்களின் அறிக்கையைவிட அவர்கள் விலக்கிய கொள்கைகளுக்கே நெருங்கிவிடக்கூடும். இதனைக் கவனியாது உவமையை வீசுவோர் மிகப் பலர்.

இரைச்சலினும் அமைதியான ஒளி

மரபுக்கு அடங்காத ஒளியில் மற்றொரு குலமும் உண்டு. முழு இருளிலும் ஒளிப்புலத்திற்கு ஒரு குறைந்தபட்ச நடுக்கம் இருக்கின்றது என்பது குவாண்டம் கொள்கை. இதனை வெற்றிட இரைச்சல் என்பர். ஐசன்பர்க்கின் விதிப்படி இந்நடுக்கத்தை முற்றிலும் அகற்ற இயலாது. ஆனால் ஒரு கூற்றில் குறைத்து மற்றொரு கூற்றில் கூட்டலாம். கப்பலுக்கும் துறைமுக மேடைக்கும் இடையே தொங்கும் ரப்பர் அணை, கப்பல் நெருக்கும்போது ஒரு திசையில் மெலிந்து மறுதிசையில் பிதுங்குவதை ஒப்பிடலாம். இவ்வாறு நெருக்கப்பட்ட ஒளியை 1985-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்லஷரும் அவர் குழுவினரும் முதன்முதல் உண்டாக்கினர். அங்கும் சோடியம் அணுக்களே பயன்பட்டன. இரைச்சல் குறைந்தது பத்து விழுக்காட்டினும் சிறிதளவே. மறு ஆண்டு டெக்சாசு பல்கலைக்கழகத்தில் கிம்பிளும் அவர்தம் குழுவும், ஒரு படிகத்தில் ஓர் ஒளித்துகளை இரண்டாகப் பிளக்கும் முறையால், வெற்றிட இரைச்சலைப் பாதிக்கும் கீழாக இறக்கினர். சுதர்சன் பேராசிரியராயிருந்த அதே பல்கலைக்கழகம் அது. அக்கட்டுரையை எழுதியவர்களுள் ஒருவர், 2005-இல் கிளாபரோடு பரிசு பெற்ற ஜான் ஹால்.

இந்த அமைதியை அளக்கும் வகை எளியது. ஆராயும் மெல்லொளியை வலிய லேசர் ஒளியோடு அரைவெள்ளிக் கண்ணாடியில் கலந்து, இருபுறத்துக் கருவிகளின் மின்னோட்டத்தையும் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும். லேசரின் சொந்த இரைச்சல் கழிந்து, மெல்லொளியின் நடுக்கம் பெரிதாகித் தெரியும். 2019 முதல், நான்கு கிலோமீட்டர் நீளக் கைகளையுடைய அமெரிக்க லைகோ ஆய்வகங்கள், ஈர்ப்பலைகளைக் கேட்பதற்கு இந்நெருக்கிய ஒளியைத் தம் தேடற்பருவங்களில் இடைவிடாது பயன்படுத்தத் தொடங்கின.

நெருக்கிய ஒளிக்கற்றைகள் இரண்டு ஒன்றோடொன்று பிணைந்துள்ளனவா என்று தீர்ப்பதற்குரிய கணிதச் சோதனையொன்றைத் தரமணிக் கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். சைமன் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார். சுதர்சனும் முகுந்தாவும் சைமனும் சேர்ந்து 1980-களில் செய்த ஆய்வின் வழியில் வந்தது அது. இத்துறையினர் இன்று அதனைச் சைமனின் பெயராலேயே வழங்குகின்றனர். இவ்வரலாற்றில் சென்னை, ஒருவர் படித்துவிட்டு நீங்கிய ஊராக மட்டும் நிற்கவில்லை.

இனி ஒன்றே எஞ்சியிருந்தது. எதிர்மறைப் பங்கின் விளைவுகளை எல்லோரும் கண்டனர். அப்பட்டியலையே எவரும் அளந்ததில்லை. 1993-இல் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ரேமரும் குழுவினரும், மருத்துவமனைகளில் உடலைப் பல கோணங்களில் படமெடுத்து உட்புறத்தை வரைவதுபோல், ஒளி நிலையைப் பல கோணங்களில் அளந்து அதன் முழு வடிவை வரைந்தனர். 2001-இல் ஜெர்மனியின் கான்ஸ்டான்ஸ் நகரில் லிவோவ்ஸ்கி குழுவினர் தனியோர் ஒளித்துகளின் வடிவை இவ்வாறே வரைந்தபோது, நடுவில் பூச்சியத்திற்குக் கீழே ஒரு பள்ளம் இருந்தது. ஆனால் அவ்வரைபடம் வேறொரு வகையினது. சுதர்சனின் பட்டியல் தனித்துகளுக்கு மிக முறிந்த வடிவுடையதாகையால் நேரே அளக்கவியலாது. அதற்கும் 2008-இல் வழி பிறந்தது. சாதாரண வெப்ப ஒளியோடு ஒரே ஒரு துகளை மட்டும் கூட்டினால் அப்பட்டியல் முறியாது. எதிர்மறையாக மட்டும் ஆகும். ஃபிளாரன்சு நகரில் பெல்லினியின் ஆய்வுக்கூடத்தில் அவ்வொளியை உண்டாக்கி அளந்தனர். ஜெர்மனியின் ராஸ்டாக் நகரத்து ஃபோகல் குழுவினர் கணக்கிட்டனர். பட்டியலின் நடுப்பகுதி, அளவைப் பிழைகளுக்கு அப்பாற்பட்டு, பூச்சியத்தின் கீழே இறங்கியிருந்தது. அவ்வாய்வுக் கட்டுரையின் தலைப்பில் அப்பட்டியல் கிளாபர், சுதர்சன் ஆகிய இருவர் பெயராலும் குறிக்கப்பட்டுள்ளது.